பிரெஞ்சு கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு வந்துவிடுமா?

பழையசாமான்_காரைக்குடி:
முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள். எனாமல் தூக்கைத் தட்டிப் பார்த்து என்னவோ கேட்பார்கள். நான் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவேன். பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்தும், ஆள் எதிரே நின்றால் வாய் வரவில்லை. 'இலக்கணமே வேண்டாம், கேட்டால் போதும்' என்கிறார் ஒரு யூடியூப்காரர். பிரெஞ்சுச் செய்திச் சேனலைக் கடையில் நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. இது நடக்கிற காரியமா?

தேவகோட்டை_வாத்தியார்:
முதலில் அந்தச் சேனலை அணையுங்கள் தம்பி. கேட்டே மொழி வரும் என்பதை 1980களில் பரப்பியவர் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர். வெறுமனே கேட்கச் சொல்லவில்லை அவர். புரிய வேண்டும், நமக்குத் தெரிந்ததற்கு ஒரு படி மேலே மட்டும் இருக்க வேண்டும் என்றார். செய்தி உங்களுக்கு இப்போது வெறும் இரைச்சல். படத்தைக் காட்டி நிதானமாகக் கதை சொல்லும் வீடியோக்களைப் பாருங்கள். உங்கள் கடையே நல்ல வகுப்புதான்: தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவர் எதைக் கேட்கிறார் என்று பாதி கண்ணிலேயே தெரிகிறதே. அவரையே மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி:
எங்கள் ஐயா பர்மாவில் செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, போனவர். கடன் வாங்க வருகிற விவசாயிகளிடம் அடுத்தாள் (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆள்) பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பர்மிய மொழியைப் பிடித்தார். தினமும் அதே நெல், அதே நிலம், அதே வட்டி. புரியாமல் எங்கே போகும்? ஆனால் வாய் திறந்தது, வசூலுக்குத் தனியாக அனுப்பிய பிறகுதான். மழுப்புகிறவனிடம் பதில் சொல்லியாக வேண்டுமே!

தேவகோட்டை_வாத்தியார்:
ஆச்சி சொல்வதைத்தான் கனடாவில் மெரில் ஸ்வெயின் என்ற மொழி ஆய்வாளர் 1985இல் எழுதினார். அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். பல வருடம் படித்த பிறகு கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கிவிட்டார்கள்; பேச்சில் மட்டும் இலக்கணப் பிழை போகவில்லை. கேட்பது அடித்தளம், சரி. பேசித் தடுமாறும்போதுதான் நமக்கு எது வரவில்லை என்பதே தெரிகிறது. அதனால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தடுமாறிய இடத்தை மட்டும் இரவில் புரட்டிப் பாருங்கள்.

பழையசாமான்_காரைக்குடி:
சரிங்கய்யா, சேனலை அணைத்தாயிற்று. பேரம் பேசும்போது மட்டும் படபடவென்று பொரிந்து தள்ளுகிறார்களே, அதற்கு என்ன செய்ய?

பள்ளத்தூர்_ஆச்சி:
எண்களை முதலில் கேட்டுப் பழகு தம்பி. அதுவரை கால்குலேட்டர் மேசையிலேயே இருக்கட்டும்.