புதுப்பிப்பு: கில்லியை முடித்துவிட்டேன்

‘தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். வளர்ப்பு வீட்டில் இருக்கும் கில்லி என்ற 11 வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு வன்மமா என்று எரிச்சல். சரி, நேற்று முடித்தேன்.

ஒரு திருத்தம்: கில்லியை அவள் அம்மா வந்து கூட்டிப்போவாள் என்று ஊகித்திருந்தேன். தப்பு. கில்லி அம்மாவுக்குப் பொய்யாகப் புலம்பி எழுதிய கடிதத்தை நம்பி வருவது பாட்டி. அம்மா கிறிஸ்துமஸுக்கு எட்டிப்பார்க்கிறாள், அதுவும் பாட்டி டிக்கெட் காசு கொடுத்ததால். விமான நிலையத்திலிருந்து கில்லி, வளர்ப்புத் தாய் ட்ராட்டருக்கு போன் போட்டு ‘வீட்டுக்கு வரணும்’ என்று கெஞ்சும் இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பார்வையற்ற பக்கத்து வீட்டுக்காரர் ரேண்டால்ஃபின் புத்தக அலமாரியில் பணம் திருடியவள்தான் இந்தக் கில்லி. 1978-ல் கேத்ரின் பேட்டர்சன் எழுதியது. அவரும் கொஞ்ச காலம் வளர்ப்புத் தாயாக இருந்தவராம்.