புதுப்பிப்பு: ஃபிஷ்ஐ ஷாட்டில் மூலைகள் ஆடுவது ஏன்?

ஃபிஷ்ஐயில், அதாவது காட்சியை வளைத்து மிக அகலமாகப் பிடிக்கும் லென்ஸில், எடுத்த ஸ்கேட்போர்டு வீடியோவில் நடு ஃப்ரேம் நிலையாக நிற்க, நான்கு மூலையும் ஜெல்லி மாதிரி ஆடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். லென்ஸில் கோளாறு இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன்தான் (அதிர்வுக் குறைப்பு) காரணம்: படத்தைப் பதியும் சென்சார் நகர்ந்து நடுவைச் சரிசெய்யும்போது மூலைகளுக்கு அந்த அளவு பொருந்துவதில்லை. அணைத்துவிடுங்கள், மேல் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை மடக்கி ஓட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கும்.

ஃபோகஸ் மேனுவலில். ஏபிஎஸ்-சி அளவு சென்சார், 8 மி.மீ. லென்ஸ், எஃப்/8 துளை என்றால் 40 செ.மீ.யில் வைத்தால் சுமார் 20 செ.மீ. முதல் அடிவானம் வரை தெளிவு. போர்டு ஒரு மீட்டரைத் தாண்டினால் ட்ரிக் எறும்பாகிவிடும்.

லென்ஸின் முன்கண்ணாடி புடைத்திருப்பதால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் திருக முடியாது. அதனால் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/500 நொடி. அசைவு கொஞ்சம் வெட்டுவெட்டாகத் தெரியும், பரவாயில்லை.