ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு: மல்லி ஐந்து கேள்விக்குறியாகப் போகிறது

பூக்கடைத்தம்பி: மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் கமிஷன் கடைக்கு பில் மென்பொருள் எழுதுகிறேன். விண்டோஸில் ஜாவா 8 நிரல், சாக்கெட் (இரு நிரல்களை இணைக்கும் வழி) வழியே பைத்தான் நிரலுக்கு அனுப்புகிறது. விலை சரியாக வருகிறது. ‘மல்லி’ மட்டும் ‘?????’. பைத்தானில் டிகோட் (பைட்டை எழுத்தாக மாற்றுவது) எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன் அண்ணே.

மாசிவீதி: பைத்தானைத் திட்டாதீங்க தம்பி. இப்படிக் கேள்விக்குறி வந்தால் பெரும்பாலும் எழுத்து அனுப்பும் இடத்திலேயே செத்துவிட்டது, பைத்தானில் மீட்க ஒன்றுமில்லை. ஜாவாவில் எழுத்தை பைட்டாக்கும் கெட்பைட்ஸை வெறுமனே அழைத்தால் விண்டோஸின் குறியாக்கத்தை (எழுத்துக்கு எண் தரும் முறையை) எடுக்கும். அதில் தமிழ் கிடையாது. தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று சொல்லி அழையுங்கள். ஜாவா 18 முதல் இயல்பே அதுதான்.

பூக்கடைத்தம்பி: சரி, கேள்விக்குறி போய்விட்டது! ஆனால் ‘ம’வோடு நின்று, அப்புறம் டிகோட் பிழை.

திருமங்கலத்தான்: பைத்தான் எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பதற்கு, எழுத்துக்குறிகளை எண்ணி நீளம் 5 என்று அனுப்புகிறீர்களா? ம, ல, புள்ளி, ல, இகரக் கொக்கி: ஒவ்வொன்றும் 3 பைட். பைட்டை எண்ணி, மல்லிக்கு 15 என்று அனுப்புங்கள்.

பூக்கடைத்தம்பி: அதேதான் அண்ணே. பிச்சியும் வந்துவிட்டது.