தக்கலை, திங்கள்நகர் பக்கத்துக் குறுகிய ஓட்டத்துக்கு பி.எஸ். 6 டீசல் வண்டி ஒத்துவருமா?

வேளிமலை (தக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021இல் பதிவான, 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் கொண்ட எஸ்.யு.வி. ஒன்று நாகர்கோவிலில் விற்பனைக்கு வந்துள்ளது. டி.என். 74 பதிவு, ஒரே உரிமையாளர். நான் தக்கலையில் குடியிருந்து திங்கள்நகர் அருகே ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். ஒரு நடைக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட வராது. விடுமுறை நாள்களில் கருங்கல், குளச்சல் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போவதுண்டு. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மகளைப் பார்க்க மதுரைக்குச் செல்ல வேண்டியிருக்கும். மொத்தத்தில் மாதம் 600 கிலோமீட்டர் அளவில் ஓடும்.

ஓட்டிப் பார்த்தபோது மீட்டரில் டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டிக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. நெடுஞ்சாலையில் ஒருமுறை விரட்டினால் அணைந்துவிடும் என்கிறார் விற்பவர். என் மைத்துனரோ, இந்தத் தொல்லையே இல்லாத 2018, 2019 ஆண்டுகளின் பி.எஸ். 4 (முந்தைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதித்த தடை இங்கும் பொருந்துமா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்று.

குழித்துறைப் பட்டறை எழுதியது:

வணக்கம் சார். விற்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உங்கள் பணத்தைத் தின்னும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின்படி வெளிவரும் டீசல் கார்களில், புகையோடு வரும் கரித்தூளைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கும். அது நிறைந்ததும் அந்தக் கரியை வண்டியே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவைப்படுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே எரிந்துகொண்டிருக்கும். அப்படி எரியாமல் சேர்ந்துவிட்டால், இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வெப்பத்தை ஏற்றும். அந்த வேலை முடியப் பொதுவாகப் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும்.

நம் மாவட்டத்தில் இடிப்பதே இந்த இடத்தில்தான். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ஊர் முடிந்து ஊர் தொடங்குவதே தெரியாமல் வீடும் கடையும் சந்திப்புமாகத்தான் சாலை போகிறது. நான்குவழிச் சாலைப் பணியும் ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே இருக்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால் சற்று மூச்சு விடலாம், இறங்கியதும் பழையபடி இரண்டாம் கியர்தான். மாதம் இத்தனை கிலோமீட்டர் ஓடினால் டீசல் கட்டுப்படியாகும் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். இங்கே அந்தக் கணக்கை நம்ப முடியாது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடியும் வடிகட்டி அடைத்துக்கொண்ட வண்டிகள் பட்டறைக்கு வருகின்றன, ஏனென்றால் அத்தனையும் எட்டும் பத்துமாகத் துண்டு துண்டாக ஓடியவை.

எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வந்து வண்டியை அணைத்துவிட்டால், கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். பலமுறை இப்படி நடந்த வண்டியில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: மேல்கோட்டைத் தாண்டியிருந்து, தொட்டால் நீர்த்தும் முகர்ந்தால் டீசல் வாடையும் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வண்டியின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வடிகட்டியில் எவ்வளவு கரி உள்ளது, கடைசியாக எப்போது முழுமையாக எரிந்தது என்ற விவரங்களைப் பெரும்பாலான வண்டிகளில் அதில் பார்க்க முடியும். கரியை எரிக்க முடியும், சாம்பலை எரிக்க முடியாது என்பதால், குறைந்த சாம்பல் தரும் ஆயிலைத்தான் இதுவரை ஊற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ரசீதிலும் சரிபாருங்கள்.

வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயாரிப்பாளர் அமைத்ததை அப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானது. நான் அந்த வேலையைச் செய்வதில்லை.

தோவாளை லோடு வண்டி எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் வேகம் ஒன்றுதான் வெப்பத்தைத் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜின் இழுக்கும் பாரமும் தரும். நான் பூச்சந்தையிலிருந்து கேரளத்துக்கு லோடு ஏற்றிச் செல்பவன். அதே நெரிசல் சாலையில்தான் நானும் போகிறேன், வடிகட்டி விளக்கு எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் ஏற்றும் வண்டிக்காரர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஒற்றை ஆள் அமர்ந்து சமதளத்தில் ஊர்ந்து போகும் காருக்குத்தான் சங்கடம் அதிகம். சார் வாங்குவதென்றே முடிவு செய்தால், மதுரைப் பயணத்துக்குக் காத்திருக்காமல், இடையில் அவ்வப்போது ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு கியர் குறைத்து, சீராக அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வரலாம். முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்ததுபோலவும் ஆகும்.

புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்றும் வண்டியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 32.5 விழுக்காடு யூரியா கலந்த அந்தத் திரவத்தை முத்திரை உடையாத கேனில் மட்டுமே வாங்க வேண்டும். அதற்கெனத் தனி மூடி இருக்கிறது. டீசல் டாங்கில் தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. திரவம் தீர்ந்துபோனால் பல வண்டிகள், ஒருமுறை அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

வேளிமலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கியர் குறைத்து ஓட்டச் சொல்வது ஏன் என்பது விளங்கவில்லை. மைத்துனர் சொல்லும் பி.எஸ். 4 வண்டியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே.

குழித்துறைப் பட்டறை எழுதியது:

கியர் குறைந்தால் இன்ஜின் சுற்று உயரும், புகைக்குழாய் சூடு குறையாமல் நிற்கும், அவ்வளவுதான். லோடு பற்றித் தோவாளைத் தம்பி சொன்னதை நானும் ஏற்கிறேன்.

பி.எஸ். 4 கார்களில், குறிப்பாகச் சிறிய டீசல் இன்ஜின்களில், பெரும்பாலும் இந்த வடிகட்டி கிடையாது. ஆனால் குறுகிய ஓட்டம் அவற்றையும் விட்டுவைப்பதில்லை, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து இழுவை குறையும். வடிகட்டியை மாற்றுவதைவிட அந்த வால்வைச் சுத்தம் செய்யும் செலவு மிகக் குறைவு என்பதால், டீசல்தான் வேண்டும் என்றால் உங்கள் மைத்துனர் பக்கமே நான் சாய்வேன். டெல்லிப் பகுதியின் பத்தாண்டு விதி தமிழ்நாட்டில் இல்லை. இங்கே சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சோதனை பார்த்துப் பசுமை வரி கட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2018 வண்டி என்றால் 2033 வரை கவலை இல்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் நின்ற வண்டியாக இருந்தால் மட்டும் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத் துருவைப் பார்த்துவிடுங்கள்.

கேட்டதற்கு மேலும் ஒன்று சொல்கிறேன். 600 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 தந்தால் 43 லிட்டர், டீசல் 18 தந்தால் 33 லிட்டர். விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் மாதம் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். வடிகட்டி மாற்றும் செலவோ சில மாடல்களில் லட்சத்தைத் தொடுகிறது. உங்கள் ஓட்டத்துக்கு என் கை பெட்ரோலையே காட்டும். அப்படியும் இந்த வண்டியில்தான் மனம் இருக்கிறது என்றால், ஸ்கேனர் போட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தால் மார்த்தாண்டத்துக்குக் கொண்டு வாருங்கள் சார், பார்த்துவிடலாம்.