அப்பா பெயரில் உள்ள வீட்டை விற்கப் போகிறோம்: எந்தத் தாளை முதலில் சரி செய்வது?

தஞ்சைப்பெண்:

வணக்கம். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியைத் தாண்டி, ஊராட்சிப் பகுதியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. 1991-இல் அப்பா மனையாக வாங்கி, பிறகு கட்டியது. முழுக்க அவருடைய சம்பாத்தியம். 2013-இல் அப்பா தவறிவிட்டார். உயில் எதுவும் இல்லை. அம்மா இப்போது என்னோடு திருச்சியில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் சிங்கப்பூரில், தம்பி ஓசூரில். விற்றுவிடலாம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

தெரிந்தவர் ஒருவர் 60 லட்சத்துக்குக் கேட்கிறார். வங்கிக் கடன் போட்டுத்தான் வாங்குவார். அடுத்த வாரமே 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். தரகரும் அவசரப்படுத்துகிறார்.

அசல் கிரயப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, 2013-இல் வாங்கிய வாரிசுச் சான்று, தரைத்தளத்துக்கான வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. பட்டா, வரி, மின் இணைப்பு மூன்றும் இன்னும் அப்பா பெயரில்தான். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால், 2006-இல் அப்பா வீட்டுக் கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு அப்படியே நிற்கிறது. கடன் 2011-லேயே முடிந்து பத்திரம் கைக்கு வந்துவிட்டது. இன்னொன்று, பத்திரத்தில் 4¾ சென்ட் என்று இருக்கிறது, பட்டாவில் 0-1.80 என்று இருக்கிறது. இது சரியா, குறைவா என்றே புரியவில்லை.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் பட்டாவை மாற்றவா?

கும்பகோணத்தான்:

முதலில் அந்த அளவைப் பார்த்துவிடலாம். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. 0-1.80 என்றால் 1.80 ஏர், அதாவது 180 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். உங்கள் 4¾ சென்ட்டுக்கு 192 சதுர மீட்டர் வர வேண்டும். ஆக பட்டாவில் 12 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 129 சதுர அடி குறைகிறது. சாலைக்கு விட்டதாக இருக்கலாம், உட்பிரிவு செய்தபோது அளவு மாறியிருக்கலாம். புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்) எடுத்து, நாலு பக்க அளவையும் பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் சர்வேயர் வைத்து அளக்க விண்ணப்பம் போடலாம், இப்போது இணையத்திலேயே போட முடிகிறது.

ஒன்று மட்டும் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் அதுவும் வில்லங்கத்தில் ஏறிவிடும். மூன்று மாதத்தில் உங்கள் தாள்கள் தயாராகவில்லை என்றால், அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை நீங்கள் வேறு யாருக்கும் விற்க முடியாமல் நிற்பீர்கள்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

அம்மா, பட்டாவுக்கு அப்புறம் வருவோம். அந்த வாரிசுச் சான்றை எடுத்து அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் அப்பா இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்தாரா?

தஞ்சைப்பெண்:

ஐந்து பெயர் ஐயா. அம்மா, அண்ணன், நான், தம்பி, ஐந்தாவதாக அப்பாயி. அப்பாயி 2017-இல் இறந்துவிட்டார். அதனால் இப்போது நாங்கள் நாலு பேர்தானே?

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

இல்லை அம்மா. எத்தனையோ கிரயம் கடைசி நேரத்தில் நின்று போவது இந்த இடத்தில்தான், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சம பங்கு. 2013-இல் அப்பா கண்ணை மூடிய அன்றே வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் அப்பாயிக்குப் போய்விட்டது. அவர் 2017-இல் இறந்ததால் அந்தப் பங்கு உங்களிடம் திரும்பி வந்துவிடாது, அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும். அப்பாயிக்கு உங்கள் அப்பாவைத் தவிர வேறு பிள்ளைகள் உண்டா?

தஞ்சைப்பெண்:

சித்தப்பா ஒருவர், அத்தைகள் இரண்டு பேர். தாத்தா எனக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துவிட்டார். எல்லோரும் நல்ல உறவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அப்பா தனியாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டில் அவர்களுக்குப் பங்கா? அம்மாவிடம் சொன்னதும் கலங்கிப் போய்விட்டார். தரகர், "அப்பாயி பெயர் இல்லாமல் புதிதாக ஒரு வாரிசுச் சான்று வாங்கிவிடலாம்" என்கிறார்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

அந்தத் தரகர் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். 2013-இல் உயிரோடு இருந்தவரை மறைத்து வாங்கும் சான்று பொய்ச் சான்று. நாளைக்கு அத்தையின் பிள்ளைகளில் ஒருவர் வழக்குப் போட்டால், வாங்கியவரும் நீங்களும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் 20 பங்கு என்று வையுங்கள். அம்மாவுக்கு 4, அண்ணனுக்கு 4, உங்களுக்கு 4, தம்பிக்கு 4, அப்பாயிக்கு 4. அப்பாயியின் அந்த நாலும் அவருடைய நாலு பிள்ளைகள் வழியில் ஒவ்வொன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்கு 1, அத்தைகளுக்கு ஆளுக்கு 1. உங்கள் அப்பா முன்பே இறந்துவிட்டதால் அவர் வழிக்கான 1 உங்கள் மூவருக்கும் சேர்ந்து வரும். மருமகள் என்ற முறையில் அதில் அம்மாவுக்குப் பங்கில்லை. 60 லட்சத்தில் ஒரு பங்கு 3 லட்சம். சித்தப்பா, அத்தைகள் மூவருக்கும் சேர்த்து 9 லட்சம்.

அப்பாயியின் இறப்புச் சான்றை எடுத்து, அவருக்கென்று தனியாக வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் தருவார். நாள் பிடிக்கும் வேலை, இன்றே போடுங்கள். சித்தப்பாவும் அத்தைகளும் கிரயப் பத்திரத்திலேயே உங்களோடு விற்பவர்களாகக் கையெழுத்துப் போடலாம், அதுதான் சுத்தம். தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட்டால் செலவு கூடும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய் என்று சலுகை உண்டு. ஆனால் சித்தப்பாவும் அத்தையும் அண்ணன் பிள்ளைகளுக்கு எழுதினால் அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதுபவன்:

மேலே ஐயா சொன்னது முழுக்கச் சரி. வாங்குபவர் கடன் போடுவதால் உங்கள் தாள்கள் என்னைப் போன்ற ஒரு வக்கீலின் மேசைக்குத்தான் வரும். வாரிசுச் சான்றில் ஐந்தாவது பெயரைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

அந்த 2006 பதிவு எளிதில் தீரும். பத்திரம் கைக்கு வந்துவிட்டது, கடன் முடிந்த கடிதம் இருக்கிறது என்பதெல்லாம் போதாது. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் வில்லங்கத்தில் அந்தக் கடன் முடிந்ததாக ஏறும். கடன் கணக்கு எண்ணும் முடிவுக் கடிதமும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டிருந்தால், இணைந்த வங்கியின் கிளைதான் அதைச் செய்து தர வேண்டும். பழைய கணக்கைத் தேடுவதற்கே அவர்களுக்கு வாரங்கள் ஆகும்.

வில்லங்கத்தை எந்த எண்ணில் போட்டீர்கள்? 1991 பத்திரத்தில் தாய்ப் புல எண் (பிரிப்பதற்கு முந்தைய சர்வே எண்) மட்டும் இருக்கும், பட்டாவில் பிரித்த பிறகு கொடுத்த உட்பிரிவு எண் இருக்கும். இரண்டிலும் தனித்தனியாகத் தேடுங்கள், குறைந்தது 30 வருடத்துக்கு. ஒன்றில் மட்டும் பார்த்தால் மற்றதில் ஏறிய பதிவு கண்ணில் படாது.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை என்றாலும், 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவான இடம் என்பதால் மறுவிற்பனை பதிவாகும். ஆனால் கடன் தரும் வங்கி வரன்முறை உத்தரவு (அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்திய ஆணை) கேட்கலாம், வாங்குபவரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். மாடியில் அனுமதி இல்லாமல் அறை ஏதும் எழுப்பியிருந்தால் அதை மதிப்பீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

பெயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். அம்மாவின் பெயர் வாரிசுச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். கடைசி நாளில் இதற்காக ஓடுவதைவிட இப்போதே திருத்திவிடலாம்.

சிங்கப்பூர் மன்னார்குடி:

அண்ணன் பற்றிச் சொல்கிறேன், நானும் இதைச் செய்தவன்தான். அவர் இங்கே இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) பவர் பத்திரத்தில், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி உங்களுக்கு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி முடிக்க வேண்டும். பவரில் பொதுவாக எழுதாமல், சொத்து விவரம் முழுவதையும், விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் உண்டு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கிரயத்தன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் அதைச் சீக்கிரம் வாங்கி வைத்துப் பயனில்லை.

வரியும் உண்டு. மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே என்று 2024 அக்டோபருக்குப் பிறகு சொல்ல முடியாது. அண்ணன் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் பொருந்தாது, 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். லாபத்துக்குத்தான் வரி என்றாலும், வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்காவிட்டால் முழுத் தொகையிலும் பிடித்துவிடுவது வழக்கம். 1991-இல் வாங்கிய சொத்து என்பதால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், லாபம் நன்றாகக் குறையும். ஆடிட்டரிடம் இப்போதே போகச் சொல்லுங்கள்.

தஞ்சைப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. வாங்குபவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அக்ரிமென்ட் வேண்டாம், தாள்கள் தயாரானதும் நேராகக் கிரயம் என்று ஒத்துக்கொண்டார். அப்பாயிக்கு வாரிசுச் சான்று விண்ணப்பம் போட்டாயிற்று. சித்தப்பா எப்போது கூப்பிட்டாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன், பணம் வேண்டாம் என்றார். பெரிய அத்தையும் அப்படியே. சின்ன அத்தை, "எனக்கு உண்டானதைக் கொடுங்கள், மகள் கல்யாணம் இருக்கிறது" என்றார். தம்பிக்குக் கோபம். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

கொடுத்துவிடுங்கள். அத்தை கேட்டது அவருடைய சொந்தத் தாயின் பங்கை. தம்பியிடம் அந்த 20 பங்குக் கணக்கை எழுதிக் காட்டுங்கள், கோபம் தணியும். வேண்டாம் என்ற இருவருக்கும்கூட அவரவர் பங்கை வங்கிக் கணக்கில் போடுவதே நல்லது. கிரயப் பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தக் காசோலை எண் என்று எழுதிவிடுவார்கள், பிறகு யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது. வாங்கிய பணத்தை அண்ணன் பிள்ளைகளான உங்களுக்குத் திருப்பித் தருவது அவர்கள் விருப்பம். ரொக்கமாக மட்டும் வேண்டாம், சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

பட்டாவை இப்போது எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற விண்ணப்பியுங்கள், இரண்டு வாரிசுச் சான்றையும் சேர்த்து வையுங்கள். அளவுக் குறையையும் அப்போதே அளந்து தீர்த்துக்கொள்ளலாம். ஊராட்சி வீட்டு வரியில் பாக்கி இல்லாமல் கட்டி, பெயர் மாற்றம் செய்யுங்கள். மின் இணைப்பைத் தொடவே வேண்டாம், பில் பாக்கி மட்டும் இல்லாமல் பாருங்கள், கிரயத்துக்குப் பிறகு வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார்.

தஞ்சைப்பெண்:

சரி ஐயா. திங்கட்கிழமை வங்கிக் கிளைக்குப் போகிறேன். ரசீது ஆவணம் பதிவானதும் இரண்டு எண்ணிலும் புதிதாக வில்லங்கம் எடுத்து, என்ன வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.