ஹாப்ஸ்பர்க் பரம்பரை நிலங்கள்: 1600-இல் எதுவரை?

கேள்வி:
1600-ஆம் ஆண்டுக்கான வரைபடம் வரைகிறேன். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் பரம்பரை நிலங்கள் என்று போஹீமியா (இன்றைய செக் நாட்டின் பகுதி), ஹங்கேரி இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டலாமா?

பதில் 1:
வேண்டாம். மேல், கீழ் ஆஸ்திரியா, ஸ்டைரியா, கரிந்தியா, கார்னியோலா, டிரோல், கடலோரம் ட்ரியஸ்டே, மேற்கே ஸ்வாபியாவில் சிதறிக் கிடந்த துண்டுகள்: இவைதான் மையம். எல்லாம் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. ஆஸ்திரியாவும் ஸ்டைரியாவும் 1282-இல், கரிந்தியாவும் கார்னியோலாவும் 1335-இல், டிரோல் 1363-இல். போஹீமியாவில் 1526-இல் பிரபுக்கள் சபைதான் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபெர்டினாண்டை மன்னராகத் தேர்ந்தெடுத்தது. தேர்தலில் கிடைத்த மணிமுடி வேறு, தகப்பன்வழி வந்த நிலம் வேறு.

பதில் 2:
ஆண்டை மாற்றினால் விடையும் மாறும். 1627-இல் வந்த புதிய அரசாணை போஹீமிய முடியைப் பரம்பரை உரிமையாக்கியது. ஹங்கேரிச் சபை 1687-இல்தான் ஆண்வழி வாரிசுரிமையை ஏற்றது. அப்போதும் ஹங்கேரி புனித ரோமப் பேரரசுக்கு வெளியே தனி அரசு. அதற்குத் தனி நிறமே சரி.

பதில் 3:
பலரும் சறுக்கும் இடம் சால்ஸ்பர்க். பல பக்கங்களில் ஆஸ்திரிய நிலம் இருப்பதால் கை தானாக நிறம் பூசிவிடும். அது பேராயர் ஆண்ட தனி நாடு, வெள்ளையாக விடுங்கள். டிரோலை ஒட்டிய பிரிக்ஸன், ட்ரென்ட் இரண்டும் ஆயர்களின் நாடுகள். டிரோலின் பிடி அங்கே பலம் என்பதால் கோடு போட்ட நிழல் தரலாம். கிராட்ஸ் நகரிலிருந்து ஆண்ட உள் ஆஸ்திரியாவுக்கும் (ஸ்டைரியா, கரிந்தியா, கார்னியோலா பகுதி) எல்லைக்கோடு போடுங்கள். 1564-இல் ஃபெர்டினாண்டின் மகன்களுக்குள் நடந்த பங்கீட்டில் பிரிந்த கிளை அது, 1600-இலும் தனியாகத்தான் இருந்தது.