தோசை மாஸ்டர் ஒருவரும் நிற்க மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது?

கல்லாப்பெட்டி:
பெரம்பலூர் தாண்டி சென்னை ரோட்டில் டிபன் ஓட்டல் நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. 48 சீட், 14 பேர் வேலை. விடிகாலை நாலரைக்கு ஷட்டர் ஏறினால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் இறங்கும். இந்த ஒன்றரை வருடத்தில் தோசை மாஸ்டர் மட்டும் நாலு பேர் மாறியாயிற்று.

கடைசியாகப் போனவர் மதுரைப் பக்கத்துக்காரர். கல்லில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளுவார், அடுத்து ஆறு தோசை வரிசையாக விழும். ஒன்றின் ஓரம் இன்னொன்றில் படாது. அவருடைய நெய் ரோஸ்ட்டுக்காகவே வண்டியை நிறுத்துகிற டிரைவர்கள் உண்டு. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டம் முடிந்ததும் "கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேண்ணே" என்று பையோடு கிளம்பினார். அதோடு சரி. போன் ஸ்விட்ச் ஆஃப். அட்வான்ஸ் 25,000 நிற்கிறது.

சம்பளம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. நாளைக்கு 1,100, மூன்று வேளை சாப்பாடு, மாடியில் தங்க ரூம். பிரேக் ஷிஃப்ட்தான். காலை 4 முதல் 11.30, அப்புறம் மாலை 4.30 முதல் 10.30. நடுவில் ஐந்து மணி நேரம் படுத்துத் தூங்கலாம். சப்ளையிலும் இதே கதைதான், ஒடிசா பையன்கள் நாலு பேர் ஊருக்குப் போனால் இரண்டு பேர் திரும்புகிறார்கள்.

போன வாரம் நானே கல்லடியில் நின்றேன். ஒரு மணி நேரத்தில் கை முழங்கை வரை சிவந்துவிட்டது. சம்பளத்தை 1,300 ஆக்கலாமா, இல்லை அட்வான்ஸை 50,000 ஆக்கி ஆளை நிறுத்தி வைக்கலாமா?

பழைய சப்ளையர்:
அண்ணே, அந்த அட்வான்ஸ் யோசனையை முதலில் விடுங்கள். நான் பன்னிரண்டு வருடம் இலை போட்டுப் பரிமாறியவன். கடன் இருக்கிற ஆள் வேலையில் நிற்பான், மனசு நிற்காது. கடன் கழியாது என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவான். என்னோடு இருந்த மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் கொடுங்கள். ஆளைப் பிடித்து வைக்கக் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஓட்டல்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். நீங்கள் சொன்ன நேரத்தை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள், பதிமூன்றரை மணி நேரம் வருகிறது. ஓட்டல்களுக்கென்று 1958லேயே தனிச் சட்டம் போட்டார்கள். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது அதில் இருக்கிறது. அதை வைத்து உங்களைப் பயமுறுத்தவில்லை. வாரம் ஒரு நாள் லீவு தருகிறீர்களா என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, கட்டாயம். மாஸ்டர் மாதச் சம்பளம் 21,000 என்கிற வரம்பைத் தாண்டிவிடுவார், சப்ளையர்கள் உள்ளேதான். மாதம் 15,600 வாங்குகிறவருக்கு நீங்கள் கட்ட வேண்டியது 507 ரூபாய், அவர் பங்கு 117. காய்ச்சலில் படுத்தால் வைத்தியமும் உண்டு, விதிப்படி தகுதி இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். மருந்துச் செலவுக்கு உங்களிடம் வந்து கை நீட்டி நிற்க வேண்டியதில்லை.

தோசைக்கல்:
நான் மாஸ்டர். பத்தொன்பது வருடமாகக் கல்லடிதான், இப்போது கோயம்புத்தூரில். ஓனர் அண்ணனிடம் ஒரே கேள்வி. நீங்கள் கொடுத்திருக்கிற அந்த மாடி ரூமில் ஒரு மதியமாவது படுத்திருக்கிறீர்களா? கிரைண்டர் எங்கே ஓடுகிறது, எத்தனை மணிக்கு?

கல்லாப்பெட்டி:
படுத்ததில்லை. கிரைண்டர் அந்த ரூமுக்கு நேர் கீழே. பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை ஓடும். வாரம் ஒரு நாள் லீவு உண்டுதான், ஆனால் கூட்டத்தைப் பார்த்துத்தான் விடுவேன்.

தோசைக்கல்:
அப்படியென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து குளித்து நாலு மணிக்குக் கல் முன்னால் நிற்கிறவனுக்கு மதியத் தூக்கம்தான் தூக்கம். ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்தால் மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. பத்து நாள் தாங்கும். அப்புறம் தோசை கருகும், கடலைச் சட்டினி கேட்டால் சப்ளையர் மேல் எரிந்து விழுவோம். அந்த மாஸ்டருக்கு ரொம்பக் கோபம் வரும் என்று கடையில் பேசிக்கொள்வார்கள்.

லீவு விஷயமும் சொல்கிறேன். லீவு கேட்டால் முதலாளிகள் "பார்க்கலாம்" என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கே நான் இரண்டு கடையை விட்டிருக்கிறேன். இப்போது இருக்கிற இடத்தில் கல்லாவுக்கு மேலே மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒன்றாம் தேதியே யாருக்கு எந்த நாள் என்று பேர் எழுதிவிடுவார்கள். முகூர்த்த நாளாக இருந்தாலும் அழிக்க மாட்டார்கள். என் பெண்ணின் ஸ்கூல் மீட்டிங்குக்கு இந்த வருடம்தான் முதல் தடவையாகப் போனேன். சம்பளம் உங்களுடையதைவிட நூறு ரூபாய் கம்மி. மூன்றரை வருடமாக இங்கேதான் இருக்கிறேன்.

அரைப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். ஒரு மணிக்கு அரைத்த மாவு விடிகாலைக்குள் பதினைந்து மணி நேரம் புளிக்கும். வெயில் காலத்தில் ஐஸ் போட்டு அரைத்தாலும் பொங்கி வழியத்தான் செய்யும். ஐந்தரைக்கு அரைத்தால் மாவுக்கும் நல்லது.

கல்லாப்பெட்டி:
நேற்று மதியம் ஒன்றரைக்கு அந்த ரூமில் போய்ப் படுத்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்கிறது, கீழே கட்டில் அதிர்கிறது. ஆணியில் மாட்டியிருந்த யாரோ ஒருவருடைய சட்டை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திட்டில் தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சு, சின்னச் சின்ன உருண்டையாக நாலைந்து கிடந்தது. காதில் வைப்பதற்கு. இருபது நிமிடம்கூட முடியவில்லை, இறங்கி வந்துவிட்டேன். கீழே வந்தால் கல்லாவில் இருந்த என் மனைவி "தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டு முடித்துவிட்டாள்.

காலண்டர் வாங்கி மாட்டி, பேர் எழுதியாகிவிட்டது. என் பேரையும் ஒரு திங்கட்கிழமையில் எழுதினேன், பையன்கள் சிரிக்கிறார்கள். அரைக்கிற நேரத்தில்தான் சிக்கல். மாவரைக்கிற அம்மாவுக்கு நாலரை டவுன் பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. அவர் எங்களிடம் இருபது வருடமாக இருப்பவர், அவரைக் கஷ்டப்படுத்த மனசில்லை.

தோசைக்கல்:
அந்த அம்மா நேரத்தை மாற்ற வேண்டாம் அண்ணே. கிரைண்டரை நகர்த்துங்கள். பின்னால் விறகு ஷெட் மாதிரி எதுவும் இல்லையா?

கல்லாப்பெட்டி:
இருக்கிறது. பழைய பெஞ்ச், காலி டின் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். கிரைண்டர் இருப்பது அப்பா வைத்த இடம், அதை நகர்த்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஷெட்டுக்கு த்ரீ ஃபேஸ் லைன் இழுக்க வேண்டும். நாளைக் காலை எலக்ட்ரீஷியன் வருகிறார். மதுரைக்காரரின் நம்பருக்கு ஒரு மெசேஜும் போட்டிருக்கிறேன், அட்வான்ஸ் பற்றி அதில் எதுவும் எழுதவில்லை. இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.